இரத்தத்தின் வேகத்தை அளந்த பாதிரியார்



தாத்தாவையோ பாட்டியையோ நீங்கள் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருப்பீர்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தாதி ஒருவர் வந்து, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பிரஷர் பார்த்துவிடுவார். நூற்றிருபதோ நூற்றைம்பதோ, ஏதோ ஓர் எண் வரும். அந்த எண் ஏறிப் போச்சு என்றால் அன்றோடு வீட்டில் கருவாடு நின்றுவிடும், ஊறுகாயும் நின்றுவிடும். எதனுடைய அளவு அது? நம் உடம்பில் ஓடுகின்ற இரத்தம் தமனியின் சுவரை எவ்வளவு பலமாக நெட்டுகிறது என்பதன் அளவு. அதை அளக்க முடியும் என்று உலகத்துக்கு முதலில் செய்து காட்டியவர் டாக்டர் அல்லர். சிறிய ஊர் ஒன்றில் மாதா கோயில் பாதிரியாராக இருந்தவர். பெயர் ஸ்டீபன் ஹேல்ஸ்.

இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் பெக்ஸ்பர்ன் என்னும் ஊரில் 1677ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் ஹேல்ஸ் பிறந்தார். வசதியான குடும்பம், பிள்ளைகளோ நிறைய. மூத்தவர்களுக்குச் சொத்து, இளையவர்களுக்குப் படிப்பு என்பது அக்காலத்து வழக்கம். 1696இல் கேம்பிரிட்ஜ் சென்று கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார். சமய ஊழியம் செய்வதற்கென்று படிக்கப் போனவர்தாம். ஆனால் அந்த ஊர்க் காற்றே அப்போது வேறு மாதிரி இருந்தது. மாமேதை நியூட்டன் அதே 1696இல் கேம்பிரிட்ஜை விட்டு லண்டன் நாணயச் சாலைக்குப் போய்விட்டார் என்றாலும், அவர் மூட்டிய நெருப்பு அணையவில்லை. எதையும் எடை போட்டுப் பார், அளந்து பார், எண்ணால் சொல் என்ற புதிய பழக்கம் மாணவர்களிடையே பரவிக் கொண்டிருந்தது.

1703இல் அக்கல்லூரிக்கு வில்லியம் ஸ்டக்லி என்னும் மருத்துவ மாணவர் வந்து சேர்ந்தார். ஹேல்ஸுக்கு அவர் பத்து வயது இளையவர். இருந்தும் இருவருக்கும் நல்ல ஒட்டு. வயல் வரப்புகளில் சுற்றிச் செடி கொடி சேகரிப்பார்கள். தவளைகளை அறுத்துப் பார்ப்பார்கள். நாயின் நுரையீரலில் காய்ச்சிய ஈயத்தை ஊற்றி அதன் கிளைகளை அச்செடுப்பதற்கு ஹேல்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். கோள்கள் சூரியனைச் சுற்றுவதைக் காட்டப் பித்தளையில் ஒரு பொறியும் செய்தார். பாதிரியாராகப் போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இறைவன் எண்ணிக்கை, எடை, அளவு ஆகியவற்றைக் கொண்டே உலகைப் படைத்தான், ஆகவே அளந்து பார்ப்பதும் ஒருவகை வழிபாடே என்பது அவருடைய நம்பிக்கை.

1709இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் டெடிங்டன் என்னும் சிற்றூரில் அவரைப் பாதிரியாராக நியமித்தார்கள். அப்போது வயது முப்பத்தொன்று. சாகும்வரை, ஐம்பத்தோர் ஆண்டுகளுக்கு மேலாக, அந்த ஊரை விட்டு அவர் நகரவில்லை. 1720இல் திருமணம் செய்துகொண்டார். மறு ஆண்டே மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. மறுமணமும் செய்துகொள்ளவில்லை.

இனி, அவருடைய பெயரை நிலைநிறுத்திய அந்தக் காரியத்துக்கு வருவோம்.

உடம்பில் இரத்தம் சுற்றி வருகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628லேயே எழுதிவிட்டார். ஆனால் இதயம் எவ்வளவு பலத்தோடு அதைத் தள்ளுகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. இத்தாலியில் பொரெல்லி என்பவர் கணக்குப் போட்டு, 1,80,000 பவுண்டு எடைக்குச் சமமான பலம் என்றார். இங்கிலாந்தில் கீல் என்பவர் வேறு கணக்குப் போட்டு, வெறும் 5 அவுன்ஸ்தான் என்றார். அடேயப்பா, எவ்வளவு வித்தியாசம்! இருவருமே பெரிய படிப்பாளிகள். ஆனால் இருவரும் காகிதத்தில் கணக்குப் போட்டார்களே ஒழிய, உயிருள்ள உடம்பில் அளந்து பார்க்கவில்லை.

ஹேல்ஸ் அளந்து பார்த்தார். கேம்பிரிட்ஜில் இருந்தபோதே நாய்களிடம் தொடங்கி, டெடிங்டன் வந்து சில ஆண்டுகள் கழித்துக் குதிரைகளிடம் போனார். இனி வேலைக்கு உதவாது என்று கொல்லப்படவிருந்த குதிரைகள் அவை. முதற் சோதனைக்கு வந்தது பதினான்கு வயதுப் பெண் குதிரை. தோள்மேட்டில் ஆறாத புண். அது ஒரு டிசம்பர் மாதம். குதிரையை உயிரோடு மல்லாத்திக் கட்டிப்போட்டு, இடது தொடைத் தமனியைத் திறந்து, ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு துளையுள்ள பித்தளைக் குழாயை அதற்குள் செருகினார். அதன் மேல் இன்னொரு பித்தளைக் குழாய். அதற்கும் மேல் 9 அடி நீளக் கண்ணாடிக் குழாய் செங்குத்தாக நின்றது.

தமனியில் போட்டிருந்த கட்டை அவிழ்த்ததும் இரத்தம் குழாயில் ஏறியது. பாதி உயரத்துக்கு ஒரே பாய்ச்சல். அதன்பின் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் 12 அங்குலம், 8, 6, 4, 2 என்று படிப்படியாக ஏறி, கடைசியில் இதயத்தின் இடது கீழறைக்கு மேலே 8 அடி 3 அங்குல உயரத்தில் நின்றது. நின்றது என்று சொன்னாலும் அசையாமல் நிற்கவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு, மூன்று, நான்கு அங்குலம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஓர் உயிரின் இதயம் துடிப்பதை மனிதன் கண்ணாடி வழியாகப் பார்த்த முதல் முறை அதுதான் எனலாம்.

இக்காலக் கணக்கில் அது எவ்வளவு? பாதரசம் இரத்தத்தைவிட ஏறக்குறைய 13 மடங்கு கனமானது. ஆக 8 அடி 3 அங்குல இரத்தம் என்பது 190 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சற்று மேலே வரும். கூடுதல்தான். ஆனால் வலியிலும் பயத்திலும் கிடந்த விலங்கல்லவா? ஹேல்ஸும் அதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அமைதியாக நிற்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 36 முறை. கட்டிப்போட்டு வதைபடும்போது 55இலிருந்து 100 வரை போய்விடுகிறது என்று குறித்து வைத்தார்.

அத்தோடு விடவில்லை. குழாயைக் கழற்றி ஒரு குவார்ட் அளவு, அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர், இரத்தத்தை வெளியே விடுவார். மீண்டும் குழாயை மாட்டி உயரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். மறுபடி ஒரு குவார்ட், மறுபடி ஓர் அளவு. இப்படியே அட்டவணை போட்டார். இரத்தம் போகப் போக அழுத்தம் விழுந்தது. ஆனால் ஒரே சீராக விழவில்லை. இடையிடையே உடம்பு தன்னைத் தேற்றிக்கொள்வது போலக் கொஞ்சம் ஏறவும் செய்தது. கடைசிக் கட்டத்தில் குதிரைக்குக் குளிர்ந்த, பிசுபிசுப்பான வியர்வை வந்தது. பிறகு உயிர் போயிற்று. விபத்தில் இரத்தம் இழந்து வருகிறவரிடம் எந்த டாக்டரும் இன்று முதலில் தேடும் அறிகுறிகளில் அந்தக் குளிர்ந்த வியர்வையும் ஒன்று.

வேறொரு சோதனையில், குதிரை உதறும்போது குழாய் உடையாமலிருக்க, வாத்தின் மூச்சுக் குழலை வெட்டியெடுத்து இரண்டு குழாய்களுக்கும் நடுவில் இணைத்தார். ரப்பர்க் குழாய் இல்லாத காலம். என்ன யோசனை பாருங்கள்! இறந்த குதிரையின் இதயத்தில் உருக்கிய மெழுகை ஊற்றி அறையின் கொள்ளளவைக் கண்டு, ஒரு துடிப்புக்கு எவ்வளவு இரத்தம் வெளியேறுகிறது என்றும் கணக்கிட்டார். மனிதனுக்கு அதே குழாயை வைத்தால் ஏழரை அடி ஏறும் என்பது அவருடைய ஊகம். அதிலிருந்து, மனித இதயத்தின் இடது அறை தாங்குகிற பாரம் ஐம்பத்தொன்றரை பவுண்டு என்றார். பொரெல்லி சொன்னதும் இல்லை, கீல் சொன்னதும் இல்லை.

படிக்கிற நமக்கே நெஞ்சு பதறுகிறது. வலி தெரியாமல் செய்யும் மயக்க மருந்து 1846இல்தான் மருத்துவமனைக்குள் வந்தது. அந்தக் குதிரை அத்தனையையும் உணர்ந்துதான் செத்தது. அண்டையில் ட்விக்கன்ஹாமில் குடியிருந்த புகழ்பெற்ற கவிஞர் அலெக்சாண்டர் போப், ஹேல்ஸுக்கு நண்பர். தம் உயிலுக்கே அவரைச் சாட்சியாகப் போட்டவர். அவர்கூட, ஹேல்ஸ் நல்ல மனிதர்தான், ஆனால் கைகளை இப்படி இரத்தத்தில் தோய்க்கிறாரே என்று மனம் வருந்திப் பேசியிருக்கிறார். ஹேல்ஸுக்கும் உறுத்தாமல் இல்லை. இந்த அறுவை வேலை அருவருப்பாக இருக்கிறதென்று சொல்லிப் பல ஆண்டுகள் அதை அடியோடு நிறுத்திவிட்டார். இன்றைக்குள்ள விதிமுறைப்படி பார்த்தால் அவருக்கு அனுமதி கிடைத்திருக்காது, கிடைக்கவும் கூடாது. அந்த அட்டவணைக்கு விலை கொடுத்தது ஹேல்ஸ் அல்ல, குதிரை. அதை மறைத்து அவர் வாழ்க்கையை எழுத என் மனம் ஒப்பவில்லை.

விலங்கை விட்டவர் செடிகளிடம் போனார். அதுவும் தற்செயலாக. ஒரு பழைய திராட்சைக் கொடியைப் பருவம் தப்பி வெட்டிவிட்டார்கள். வெட்டுவாயிலிருந்து சாறு கொட்டிக்கொண்டே இருந்தது. கொடி பட்டுப்போய்விடுமே என்று, வெட்டிய இடத்தில் விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலை இழுத்துக் கட்டினார் ஹேல்ஸ். கொஞ்ச நேரத்தில் அந்தத் தோல் பந்து போல உப்பிவிட்டது! பார்த்தவருக்குச் சட்டென்று குதிரையின் தமனி நினைவுக்கு வந்தது. அங்கே குழாய் வைத்தது போல் இங்கேயும் வைத்தால் என்ன? வைத்தார். சாறு 21 அடி உயரம் வரை ஏறியது. வேருக்கு அவ்வளவு பலம்!

மூன்றரை அடி உயரச் சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு நிறுத்து, 1724இன் கோடையில் காலையும் மாலையும் எடை பார்த்து, ஒரு பகற்பொழுதில் அது 20 அவுன்ஸ் நீரை ஆவியாக விடுகிறது என்று கண்டார். இவையெல்லாம் 1727இல் நூலாக வந்தன. அதை அச்சிட அரச கழகத்தின் சார்பில் ஒப்புதல் கையெழுத்திட்டவர் யார் தெரியுமா? சாவதற்கு ஒரு மாதம் முன்னர் இருந்த நியூட்டன். குதிரைச் சோதனைகளையும் மற்ற இரத்த ஓட்ட ஆய்வுகளையும் சேர்த்து 1733இல் இரண்டாம் தொகுதியை வெளியிட்டார்.

நூல் வெளிவந்ததும் மருத்துவ உலகம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மாறவில்லை. காய்ச்சலில் கிடக்கும் நோயாளியின் தமனியை வெட்டி ஒன்பதடிக் குழாய் வைக்க யாரால் முடியும்? ஹேல்ஸும் அதைத் தொடர்ந்து போகவில்லை. அவருடைய பிற்கால முயற்சியெல்லாம் வேறு திசையில் போயிற்று.

அந்நாளில் கப்பலின் அடித்தளம், சிறைச்சாலை, மருத்துவமனை எல்லாமே காற்றோட்டம் இல்லாத இருட்டுக் குகைகள். சிறைக் காய்ச்சல் என்ற ஒன்று வந்தால் கூட்டங்கூட்டமாகச் சாவார்கள். கெட்ட காற்றே காரணம் என்று எல்லாரையும் போல ஹேல்ஸும் நம்பினார். பேன்தான் அதைப் பரப்புகிறது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. ஆக, காரணம் தப்பு. இருந்தாலும் உள்ளே நல்ல காற்று வர வழி செய்வது நன்மைதானே! பெரிய துருத்திகளைப் பூட்டிய காற்றூட்டிப் பொறி ஒன்றை அமைத்து 1741இல் அரச கழகத்துக்கு அறிவித்தார். கப்பல்களில் வைத்தார்கள். 1752இல் லண்டன் நியூகேட் சிறையின் கூரைமேல் காற்றாலை வைத்து அதை ஓட்டினார்கள். அதைப் பொருத்தப் போன வேலையாட்களில் சிலருக்கே சிறைக் காய்ச்சல் கண்டது என்றால், உள்ளே அடைபட்டவர்களின் கதியை எண்ணிப் பாருங்கள். பிரான்சோடு போர் நடந்தபோது, அந்நாட்டில் ஆங்கிலேயக் கைதிகள் இருந்த சிறைகளிலும் தம் பொறியை வைக்கச் சொல்லி அந்த அரசனிடமே அனுமதி கேட்க வைத்தார். எதிரியோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறேன் என்று என்மேல் வழக்குப் போட்டுவிடாதீர்கள் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வாராம்.

இன்னொரு பக்கம், மலிவான ஜின் சாராயம் லண்டன் ஏழைகளைக் குடித்துக் கொண்டிருந்தது. நம் தோட்டப்புறங்களில் சம்சு செய்த கொடுமையைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 1734இல் குடிகாரர்களுக்கு அறிவுரையாக ஹேல்ஸ் ஒரு சிறு நூல் எழுதினார். பிரசங்கத்தோடு நிற்காமல், சாராயம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்றும் அதில் எடுத்துச் சொன்னார்.

ஊர்க்காரர்களுக்கும் அவரால் பல உபகாரம். பழப் பணியாரம் சுடும்போது சாறு பொங்கி வழியாமலிருக்கத் தேநீர்க் கோப்பையை நடுவில் கவிழ்த்து வையுங்கள் என்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். 1754இல் டெடிங்டனுக்குக் குடிநீர் கொண்டு வந்தார். அதைக் கோயில் பதிவேட்டில் எழுதும்போதும் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு குவார்ட் பாத்திரம் நிரம்ப, விநாடிக்கு ஒருமுறை ஆடும் ஊசல் மூன்று முறை ஆட வேண்டும் என்று எழுதி, அந்த ஊசலின் நீளத்தையும் அங்குலக் கணக்கில் குறித்து வைத்தார்! குற்றம் சொல்வதானால் ஒன்றுண்டு. ஒழுக்கம் தவறிய பெண்களைக் கோயிலில் எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பாராம். அந்தக் காலத்து வழக்கம்தான். ஆனாலும் இரக்கமுள்ளவர் என்று ஊரே சொன்ன ஒருவர் அதையும் செய்தார்.

இளவரசர் ஃபிரடெரிக் அவர் வீட்டுக்கே வந்து சோதனைகளைப் பார்ப்பார். இளவரசர் இறந்த பிறகு அவருடைய மனைவி அகஸ்டா தம் அரண்மனைக் குருவாக ஹேல்ஸை வைத்துக்கொண்டார். வின்ட்சரில் உயர்ந்த பதவி வந்தபோது, டெடிங்டனை விட்டுவர மனமில்லை என்று மறுத்துவிட்டார். 1761ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார். அவர் விருப்பப்படியே தம் சொந்தக் கோயிலின் கோபுரத்தின் கீழ் புதைத்தார்கள்.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் நடந்தார்கள். 1828இல் பிரான்சின் புவாசெய், ஒன்பதடிக் கண்ணாடிக்குப் பதில் பாதரசம் நிரப்பிய வளைகுழாயைக் கொண்டுவந்தார். இன்றும் பிரஷரை மில்லிமீட்டர் பாதரசம் என்று சொல்கிறோமே, அது அங்கிருந்து வந்தது. 1856இல் ஃபைவ்ர் என்னும் மருத்துவர், கால் கை துண்டிக்கும் அறுவையின்போது மனிதத் தமனியிலேயே குழாய் வைத்து, 120 மில்லிமீட்டர் அளவில் கண்டார். 1896இல் இத்தாலியின் ரீவா ரோச்சி கைப்பட்டையைச் செய்தார். 1905இல் ரஷ்யாவின் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் துடிப்பின் ஒலியைக் கேட்கும் முறையைச் சொன்னார். இனிமேல் யாரையும் வெட்ட வேண்டியதில்லை. ஹேல்ஸின் குழாய் பழங்கதையாகிவிட்டது போலத் தோன்றியது.

ஆனால் 1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்னும் அறுவை மருத்துவர், இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, திறந்த இதயத்துக்குள் ஓட்டையைத் தைத்து வெற்றி கண்டார். அந்த வகை அறுவையில் பெரும்பாலும் இதயத்தையே நிறுத்திவிடுகிறார்கள். இதயம் நின்றால் நாடி ஏது? இயந்திரம் இரத்தத்தைத் திறந்துவிட்ட பைப்புத் தண்ணீர் போல ஒரே ஓட்டமாக அனுப்புகிறது. கைப்பட்டையோ துடிப்பை நம்பி வேலை செய்வது. துடிப்பு இல்லாவிட்டால் அது ஊமை. மணிக்கட்டைத் தொட்டாலும் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் அழுத்தம் ரொம்ப இறங்கினால் மூளையும் சிறுநீரகமும் கெடும்; ரொம்ப ஏறினாலும் ஆபத்து. சராசரி அழுத்தத்தைப் பெரும்பாலும் 50க்கும் 80 மில்லிமீட்டருக்கும் இடையில் பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள். அதற்கு ஒவ்வொரு விநாடியும் எண் தெரிந்தாக வேண்டும்.

அதனால் ஹேல்ஸின் வழிக்கே திரும்பிப் போனார்கள். மயக்க மருந்து மருத்துவர் நோயாளியின் மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகுகிறார். வாத்தின் மூச்சுக்குழல் இருந்த இடத்தில் உப்பு நீர் நிரம்பிய நீண்ட குழாய். 300 மில்லிமீட்டர் அழுத்தத்தில் கட்டித் தொங்கவிட்ட பையிலிருந்து மணிக்கு மூன்று மில்லிலிட்டர் அளவு உப்பு நீர் கசிந்து, இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. கண்ணாடித் தூணுக்குப் பதில், அழுத்தத்தை மின்சாரக் குறியாக மாற்றும் விரல் அளவுக் கருவி. அங்குலம் அங்குலமாக ஏறி இறங்கிய இரத்தம் இப்போது திரையில் சிவப்புக் கோடாக ஏறி இறங்குகிறது. இதயத்தை நிறுத்தும்போது அந்த அலை தட்டையாகிறது. எண் மட்டும் நிற்கிறது. வேலை முடிந்து இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கியதும் முதலில் ஒரு சிறு மேடு, அப்புறம் இன்னொன்று.

அந்தக் கருவியை வைக்கும் உயரத்திலும் கவனம் வேண்டும். பத்து சென்டிமீட்டர் கீழே இறங்கினால் எண் 7 மில்லிமீட்டருக்கு மேல் பொய்யாகக் கூடிக் காட்டும். மேசையை ஏற்றினால் கருவியையும் கூடவே ஏற்ற வேண்டும். ஆகையால் அறுவை தொடங்குமுன் ஒருவர் குனிந்து பார்த்து, நோயாளியின் இதயம் இருக்கும் மட்டத்துக்கு நேராக அதைப் பொருத்திவிட்டுத்தான் பூச்சியத்தைக் குறிக்கிறார். டெடிங்டன் பாதிரியாரும் தம் 8 அடி 3 அங்குலத்தைத் தரையிலிருந்து அளக்கவில்லை. அந்தப் பெண் குதிரையின் இதய மட்டத்திலிருந்துதான் அளந்தார்.